பாறையைப் பற்றி வாழும் ஓடைக் கெளுத்திகள்: முதன்முறை தேடிப் போகிறவர்களுக்கு

மலையோடைக்கு மீன் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டம் அடங்கிக் கிடக்கும் மடுவின் கரையில்தான் போய் நிற்பார்கள். தண்ணீர் தெளிவாக இருக்கும், மீன்கள் கண்ணுக்குத் தெரியும், உட்காரப் பாறையும் கிடைக்கும். ஆனால் நாம் இங்கே பேசப்போகிற கெளுத்தி அந்த மடுவில் இருக்காது. சற்று மேலே, தண்ணீர் கற்களில் மோதி நுரைத்து இறங்கும் இடத்தில், முழங்கால் ஆழம்கூட இல்லாத ஓட்டத்தில், ஏதோ ஒரு கல்லின் அடியில் வயிற்றை அழுத்திக்கொண்டு படுத்திருக்கும்.

கிளிப்டோதோராக்ஸ் என்பது இந்தப் பேரினத்தின், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதியின், அறிவியல் பெயர். எட்வர்ட் பிளித் 1860இல் வைத்தது. மேற்கே டைகிரிஸ், யூப்ரடிஸ் ஆறுகளில் தொடங்கி இமயமலை அடிவாரம், சீனா, ஜாவா வரை நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் பத்துக்கு மேற்பட்ட பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலானவை கைவிரல் நீளமோ உள்ளங்கை நீளமோதான் இருக்கும். உணவுக்காகப் பெரிதாக யாரும் தேடுவதில்லை, சந்தைக்கும் அதிகம் வருவதில்லை. அதனால் ஆற்றங்கரையிலேயே வளர்ந்தவர்கள்கூட இதைப் பார்த்ததில்லை என்பார்கள். கட்டுரை முழுக்க ஓடைக் கெளுத்தி என்றே எழுதுகிறேன், படிக்க வசதியாக இருக்கும்.

பிடிப்பதற்கான வழிகாட்டி இல்லை இது. பார்ப்பதற்கும், அடையாளம் காண்பதற்கும், பார்த்ததைப் பயனுள்ளபடி குறித்து வைப்பதற்குமானது.

முதலில், உடலைப் புரிந்துகொள்ளுங்கள்

எங்கே தேடுவது என்பது இந்த மீனின் வயிற்றைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

தலைக்குச் சற்றுப் பின்னால், இரண்டு மார்புத் துடுப்புகளுக்கு நடுவே, தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். மெல்லிய வரிகள் சாய்வாக ஓடி, தலைப் பக்கம் குவிந்து, வால் பக்கம் விரிந்து நிற்கும். சில இனங்களில் அந்தப் பரப்பின் நடுவில் சிறு குழி உண்டு, சிலவற்றில் இல்லை. இதுதான் மீனின் பிடிப்பு உறுப்பு. உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொரு மடிப்பின் மேலும் மிக நுண்ணிய முட்கள் அடர்ந்திருக்கும். நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டின்தான். கல்லின் சொரசொரப்பில் இந்த முட்கள் மாட்டிக்கொள்ள, மீன் நழுவாமல் நிற்கிறது. உறிஞ்சிப் பிடிக்கிறதா, உரசிப் பிடிக்கிறதா என்ற பேச்சு ஆராய்ச்சியாளர்களிடையே நெடுநாளாக உண்டு. முட்களைப் பார்த்தால் உரசல்தான் முக்கியப் பங்கு என்று தோன்றும்.

மற்ற ஏற்பாடுகளும் இதற்கு ஒத்துப்போகின்றன. வயிறு தட்டை. மார்புத் துடுப்புகள் அகலமாகப் பக்கவாட்டில் விரியும். கண்கள் சிறியவை, தலையின் மேற்புறம் இருக்கும். வாய் அடிப்பக்கம். பெரும்பாலான மீன்களை மிதக்க வைக்கும் காற்றுப்பை இதில் சுருங்கி, எலும்புக் கூட்டுக்குள் அடங்கிவிட்டது. மிதக்கவே தேவையில்லாத மீனுக்குப் பெரிய காற்றுப்பை எதற்கு?

இதிலிருந்து தேடுகிறவருக்குக் கிடைக்கும் துப்பு என்ன? மீனுக்குச் சொரசொரப்பான கல் வேண்டும். கல்லுக்கு அடியில் நுழைய இடம் வேண்டும். மேலே ஓட்டம் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த இடம்தான் நாம் தேடும் இடம். மீனைத் தேடாதீர்கள், இந்த இடத்தைத் தேடுங்கள்.

ஓட்டத்தைப் படிப்பது

ஓடையோரம் வந்ததும் உடனே இறங்கிவிடாமல் கொஞ்ச நேரம் கரையில் நின்று தண்ணீரைப் பாருங்கள். மலையோடையில் சரிவு ஒரே சீராக இருக்காது. அருவியாக விழும் இடம், அதன் கீழே மடு, மடு வழிந்து கற்களுக்கிடையே சலசலத்து ஓடும் பகுதி, மறுபடி மடு என்று மாறி மாறி வரும். நமக்கு வேண்டியது அந்தச் சலசலப்புப் பகுதி. கணுக்காலில் இருந்து முழங்கால் வரை ஆழம், மேற்பரப்பில் சிறு அலைகளும் வெள்ளை நுரையும், அடியில் தேங்காய் அளவிலிருந்து பானை அளவு வரை கலந்து கிடக்கும் கற்கள். இதுதான் அடையாளம்.

அப்படி ஒரு இடம் கண்ணில் பட்டுவிட்டால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். நீரில் குனிந்து ஏதாவது ஒரு கல்லின் விளிம்புக்கு அடியில் விரல்களை நுழையுங்கள், மெதுவாக. விரல் தாராளமாக உள்ளே போனால், அங்கே தண்ணீரும் போகிறது, மீனும் போகலாம். விரல் நுழையாமல் மண்ணிலும் மணலிலும் முட்டி நின்றால் அந்தக் கல் வண்டலில் புதைந்து போயிருக்கிறது என்று பொருள். நாலைந்து கற்களில் இப்படியே இருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு நகருங்கள். மேலே எங்கோ சாலை வெட்டியிருப்பார்கள், அல்லது சரிவில் மண் அரித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் தெளிந்துவிட்ட பின்பும் அந்த மண் கற்களின் இடுக்கில் தங்கிவிடும். கண்ணுக்கு ஓடை பளிங்காகத் தெரியும், கெளுத்திக்கு மட்டும் வீடு இருக்காது.

கல்லைத் தொட்டுப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கல்லின் அடிப்பக்கம் ஒரு கை ஓட்டினால் சிறு சிறு மணல் துகள்களைக் கோத்துக் கட்டிய குழாய்க் கூடுகள் தட்டுப்படும். கேடிஸ் பூச்சியின் புழு கட்டியவை அவை. மூன்று வால்நூல்களோடு தட்டையாக ஊர்ந்து ஓடும் மேஃப்ளை இளம்பூச்சிகளும் இருக்கும். ஓடைக் கெளுத்தியின் சாப்பாடு பெரும்பாலும் இந்தப் பூச்சிகள்தான். பூச்சி நிறைந்த கல் என்றால் நம்பிக்கையோடு தேடலாம். பூச்சியே இல்லாத கல்லை நான் அதிகம் நம்பமாட்டேன்.

அப்புறம், கல்லுக்கு முன்னால் தண்ணீர் மோதி எழும்பும், பின்னால் ஒரு சிறு சுழி உருவாகும். அந்தச் சுழிக்குள்ளும் தரையை ஒட்டியும் வேகம் மேற்பரப்பில் தெரிவதைவிட வெகுவாகக் குறைவு. ஆளை இழுக்கும் ஓட்டத்தில் இத்தனை சிறிய மீன் எப்படி நிற்கிறது என்று வியக்கிறோம். மீன் வாழ்வதோ தரையோடு ஒட்டிய மெல்லிய அடுக்கில். நம் கால் உணரும் வேகத்தை அது முழுதாக அனுபவிப்பதே இல்லை.

எந்த மாதம், எந்த நேரம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, நீர் தெளிந்து, மட்டம் இறங்கியிருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்த மாதங்களில் ஓடையில் இறங்க வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்தால் போதும்.

தண்ணீர் திடீரென்று கலங்கினால், காய்ந்த இலையும் சுள்ளியும் வழக்கத்தைவிட அதிகமாக மிதந்து வந்தால், ஓடையின் சத்தம் மாறினால், பொருட்களைப் பொறுக்கிக்கொண்டிருக்காமல் உடனே கரையேறுங்கள். அணைக்குக் கீழே உள்ள ஆறு என்றால் மழையே தேவையில்லை. பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் மேட்டுப்பாளையத்தில் பவானியின் மட்டம் சட்டென்று ஏறும், அதில் உயிர்கள் போயிருக்கின்றன. அந்த மாதிரி இடங்களில் உள்ளூர்க்காரர்களைக் கேட்காமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

நேரத்தைப் பொறுத்தவரை மீனுக்குப் பிடித்தது இரவு. இருட்டியபின் கல்லின் அடியிலிருந்து வெளியே வந்து மேயும். ஆனால் யானையும் கரடியும் நடமாடும் காட்டில் இரவில் ஓடையில் உட்காருவது நடக்கிற காரியம் இல்லை, அனுமதியும் கிடைக்காது. காலை எட்டு மணிக்கு மேல் வெயில் சாய்வாக நீரில் விழும் நேரமே நமக்குச் சரி. உச்சி வெயிலில் மேற்பரப்பு பளபளத்துக் கண்ணைக் கூசவைக்கும்.

அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனைமலை, களக்காடு முண்டந்துறை, முதுமலை போன்ற புலிகள் காப்பகங்களுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அங்கே முழுதாகப் பொருந்தும். காப்புக் காடுகளில் அனுமதியின்றி மீன் பிடிப்பதும் தடைதான், வலையோடு நின்றாலே பதில் சொல்ல வேண்டி வரும். எஸ்டேட்டுக்குள் ஓடும் ஓடை என்றால் எஸ்டேட் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எளிய வழி, பொதுமக்கள் வழக்கமாகக் குளிக்கவும் துவைக்கவும் இறங்கும் துறைகள். அங்கேயே மேலும் கீழும் கொஞ்சம் நடந்தால் சலசலப்புப் பகுதி கிடைக்கும். கூட்டம் இல்லாத காலை வேளையில் போங்கள்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்

அதிகம் வேண்டாம். நீச்சலுக்குப் போடும் கண்ணாடி ஒன்று. மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க் என்றால் இன்னும் நல்லது. பிடிமானமுள்ள, நனைந்தாலும் கழன்றுவிடாத ஷூ. ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், பாசிக் கல்லில் முதல் அடியிலேயே காலை வாரிவிடும். ஊன்றிக்கொள்ள ஒரு கம்பு. செல்போனுக்கு நீர் புகாத உறை. குறிப்பேடும் பென்சிலும். பேனா நனைந்த தாளில் எழுதாது.

முகத்தை நீரில் வைக்கத் தயங்குகிறவர்கள் ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடிப்பாகத்தை வட்டமாக வெட்டிவிட்டு, அங்கே தெளிவான அக்ரிலிக் தகட்டை நீர் கசியாத பசையால் ஒட்டிக்கொள்ளலாம். வாளியை ஓட்டத்தில் இரண்டு விரற்கடை அமுக்கிப் பிடித்து மேலிருந்து எட்டிப் பார்த்தால், நுரையும் அலையும் மறைந்து அடிக்கல் துல்லியமாகத் தெரியும். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு இதுதான் சிறந்த கருவி.

வேண்டாதவை: சன்ஸ்கிரீன், கொசு விரட்டும் களிம்பு. கையிலிருந்து அவை நேராக நீருக்குள் போகும். செதிலில்லாத வெறும் தோலுள்ள மீனுக்கு அது நல்லதல்ல. அட்டைக்குப் பயந்து காலில் புகையிலைத் தூள் தடவிக்கொண்டு ஓடையில் இறங்குகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், நீளமான காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இறங்குவதும் பார்ப்பதும்

ஓட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் இறங்கி மேல்நோக்கி நகருங்கள். இதை மட்டும் மறக்கக் கூடாது. கால் பட்டுக் கிளம்பும் கலங்கல் உங்களுக்குப் பின்னால் போய்விடும், முன்னால் இருக்கும் நீர் தெளிவாகவே இருக்கும். ஓட்டத்தில் நிற்கும் மீன்கள் மேல்நோக்கி முகம் வைத்திருப்பதால் நீங்கள் அவற்றின் வால் பக்கத்திலிருந்து வருவீர்கள். ஒரு காலை ஊன்றிய பிறகே மறு காலை எடுங்கள். பெரிய கல்லின் மேல் ஏறி நிற்பதைவிட, கற்களுக்கிடையே உள்ள சரளையில் கால் வைப்பது உங்களுக்கும் பாதுகாப்பு, அடியில் இருப்பவற்றுக்கும் பாதுகாப்பு.

ஒரு நல்ல இடத்தைத் தேர்ந்தெடுத்து மண்டியிட்டு உட்காருங்கள். கண்ணாடியைப் போட்டு முகத்தை நீரில் வையுங்கள். முதல் சில நிமிடங்களுக்குக் கற்களைத் தவிர ஒன்றும் தெரியாது. சலித்து எழுந்துவிடாதீர்கள். கண் பழகப் பழக, கல்லின் மேல் பாசியைச் சுரண்டிக்கொண்டிருக்கும் காரா மீன்கள் முதலில் தெரியவரும். பல ஊர்களில் கல்லொட்டி என்பார்கள். அப்புறம் பவானியா போன்ற மலை அயிரைகள், கல்லின் பக்கவாட்டில் பல்லியைப்போல அப்பிக்கொண்டு, சட்டென்று ஓரடி நகர்ந்து, மறுபடி அப்பிக்கொள்ளும். இவை தெரிய ஆரம்பித்துவிட்டால் உங்கள் கண் தயார்.

கெளுத்தி இவற்றைப்போல வெளிப்படையாக நிற்காது. கல்லும் தரையும் சேரும் இருண்ட இடுக்கைப் பாருங்கள். முதலில் தெரிவது பெரும்பாலும் மீசைதான். மேல்தாடை மீசையின் அடிப்பகுதி அகன்ற சவ்வாகத் தலையோடு சேர்ந்து, நுனியில் மெலிந்திருக்கும். ஓட்டத்தில் அந்த நுனி மட்டும் இலேசாக அதிர்ந்துகொண்டிருக்கும். அதன் பின்னால் பழுப்பு நிறத் தலை, முதுகில் மங்கலான மஞ்சள் திட்டுகள். திட்டுகள் சரளைக் கற்களோடு கலந்துவிடுவதால் மீன் அசையும் வரை அது மீன் என்றே நம்பமுடியாது. அசைந்தால் நீந்திப் போகாது, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லின் அடிக்குக் குறுகிய தாவல் ஒன்று, அவ்வளவுதான். தாவிய இடத்தை மனதில் வைத்துக்கொண்டு அங்கேயே காத்திருங்கள். துரத்த வேண்டாம்.

கல்லைப் புரட்டலாமா?

ஆய்வு அனுமதி உள்ளவர்கள், அல்லது அவர்களோடு போகிறவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை இது. மற்றவர்கள் இந்தப் பகுதியைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

கல்லின் கீழ்ப்பக்கம், ஓட்டத்துக்குக் குறுக்கே, நுண்கண்ணிக் கைவலையைத் தரையோடு அழுத்தி வைப்பார்கள். இன்னொருவர் கல்லை மேற்புறமாக மெதுவாகச் சாய்த்துத் தூக்குவார். அடியில் இருந்த மீன் ஓட்டத்தோடு வலைக்குள் வரும். பல சமயம் மீன் வலைக்கு வராமல் தூக்கிய கல்லோடு ஒட்டிக்கொண்டே மேலே வரும், அதனால் கல்லின் அடியையும் பார்த்துவிட வேண்டும். பிடித்திழுக்கக் கூடாது, கல்லை நீருக்குள் தாழ்த்தினால் தானே விட்டுவிடும். பார்த்து முடிந்ததும் கல்லை எடுத்த அதே குழியில், அதே பக்கம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். தலைகீழாகப் போட்டுவிட்டு வந்தால் அடியில் கூடு கட்டிய புழுவெல்லாம் வெயிலில் காயும், மேலிருந்த பாசி இருட்டில் அழுகும். சுற்றுலாப் பயணிகள் ஓடைக் கற்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் படம் எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பார்க்க அழகுதான், ஒவ்வொரு கல்லும் ஏதோ ஒன்றின் கூரை என்பது தெரியாதவரை.

கையை நன்றாக நனைத்துக்கொண்ட பிறகே மீனைத் தொட வேண்டும். முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்புகளிலும் முள் உண்டு. மார்பு முள்ளின் உள்விளிம்பு அரம்போல இருக்கும். இறுக்கிப் பிடித்தால் குத்திவிடும். குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வீக்கம் தணியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

தண்ணீருக்கு வெளியே மீன் இருக்கும் நேரம் சில விநாடிகளைத் தாண்டக் கூடாது. காரணம் ஆக்சிஜன். 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீர் அதிகபட்சம் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும், 30 டிகிரியில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடும். நுரைத்து ஓடும் குளிர்ந்த நீரில் பிறந்து வளர்ந்த மீன் எப்போதும் நிறைந்த அளவுக்கே பழகியது. வெயிலில் வைத்த வாளியில், அசையாத நீரில், அது மூச்சுத் திணறிவிடும். குளத்துக் கெளுத்தி வாளியில் மணிக்கணக்கில் கிடப்பதைப் பார்த்த பழக்கத்தில் இதையும் அப்படி வைத்துவிடாதீர்கள்.

படம் எடுப்பது

இனம் கண்டறிய முதுகுப் படம் மட்டும் போதாது. வயிற்றுப் பக்கம் தெரிந்தாக வேண்டும். இதற்கு ஒரு தெளிவான சிறு பிளாஸ்டிக் பெட்டி போதும். ஓடை நீரையே நிரப்பி, மீனை உள்ளே விட்டால், அது உடனே பெட்டியின் சுவரிலோ அடியிலோ வயிற்றை ஒட்டி நிற்கும். பெட்டியைத் தலைக்கு மேலே உயர்த்தி அடியிலிருந்து படம் எடுத்தால் அந்த வரிவரியான பிடிப்பு உறுப்பு கச்சிதமாகப் பதியும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலையை மட்டும் நெருக்கமாக ஒன்று, அடியிலிருந்து ஒன்று. பெட்டியோரம் ஒரு ஸ்கேலும் தெரிந்தால் அளவு கிடைக்கும். ஓரிரு நிமிடத்தில் முடித்து, எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

மீனைத் தொடாதவர்கள் நீருக்கடியில் எடுக்கும் படங்களும் வீணல்ல. பேரினம் வரை சொல்ல அவை போதும்.

வேறெதோடு குழப்பிக்கொள்வீர்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது தலைப்பிரட்டைகளிடம்தான். மலையோடைத் தவளைகள் சிலவற்றின் தலைப்பிரட்டைகள் வாயால் கல்லைக் கவ்விக்கொண்டு ஓட்டத்தில் நிற்கும். மீசை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கெளுத்தி இல்லை. காராவுக்கு மீசை உண்டு, ஆனால் குட்டையானது. உடலில் செதில்களும் உண்டு, பிடிப்புத் தட்டு மோவாயில் இருக்கும். மலை அயிரைகள் விரிந்த துடுப்புகளாலேயே ஒட்டிக்கொள்ளும், மார்பில் வரிமடிப்பு இருக்காது.

ஓடைக் கெளுத்திக்கு நான்கு ஜோடி மீசை: மூக்கருகே ஒன்று, மேல்தாடையில் ஒன்று, மோவாயில் இரண்டு. செதில் இல்லை. முதுகுத் துடுப்புக்குப் பின்னால் முள்ளோ கதிரோ இல்லாத சதைப்பற்றான கொழுப்புத் துடுப்பு ஒன்று. வால் நன்றாகப் பிளந்திருக்கும். இவற்றோடு மார்பில் மடிப்புகளும் சேர்ந்தால் கிட்டத்தட்ட உறுதி.

கிட்டத்தட்ட என்று சொல்வதற்குக் காரணம், சூடோலகுவியா என்றொரு பேரினம். அதற்கும் மார்பில் மடிப்புகள் உண்டு, ஆனால் மீனே மிகச் சிறியது, பெரும்பாலும் விரற்கடை அளவுதான். நெடுங்காலம் வடகிழக்கு இந்தியாவின் மீன் என்றே நினைத்திருந்தார்கள். 2011இல் கேரளத்தின் குந்திப்புழையிலிருந்து ஒன்றும், 2013இல் கர்நாடகத்தின் குமாரதாரா ஆற்றிலிருந்து இன்னொன்றும் புதிய இனங்களாக விவரிக்கப்பட்டன. எனவே குட்டியான ஓடைக் கெளுத்தி ஒன்று கண்ணில் பட்டால், குஞ்சு என்று ஒதுக்கிவிடாமல் கவனமாகப் படம் எடுங்கள்.

இனம் வரை சொல்ல முடியுமா

ஆசை இருக்கும், ஆனால் அவசரம் வேண்டாம். பிடிப்பு உறுப்பின் வடிவம், அதன் நடுவில் குழி உண்டா இல்லையா, துடுப்பு முள்ளின் அடிப்புறத்திலும் மடிப்புகள் தொடர்கின்றனவா, தோல் வழுவழுப்பா சொரசொரப்பா, உடலின் உயரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் என்ன, இப்படிப் பலவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் நிபுணர்களே முடிவு சொல்வார்கள். நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே ஓடையில் இருண்ட கல்லடியில் இருந்த மீனும் வெளிர் சரளையில் இருந்த மீனும் வேறு வேறு நிறத்தில் தெரியும்.

இருந்தாலும் எந்த ஆற்றுப் படுகையில் எந்தப் பெயர் பேசப்படுகிறது என்று தெரிந்திருப்பது நல்லது. நீலகிரி அடிவாரத்துப் பவானியிலிருந்து 1873இல் பிரான்சிஸ் டே விவரித்தது கிளிப்டோதோராக்ஸ் மதராஸ்பட்டனம். வால்பாறையின் புதுத்தோட்டம் எஸ்டேட்டிலிருந்து 1942இல் ஹெர்ரே விவரித்தது கிளிப்டோதோராக்ஸ் ஹௌசி. ஆனைமலையின் பெயரைத் தாங்கிய கிளிப்டோதோராக்ஸ் ஆனைமலையென்சிஸ் 1952இல் ஈ. ஜி. சைலஸ் விவரித்தது. மலைக்கு அந்தப் பக்கம், நிலம்பூர்ப் பகுதியின் சாலியாற்றுக் கிளையில் 1998இல் கிளிப்டோதோராக்ஸ் டேவிஸ்சிங்கி. வடக்கே போனால் மகாராஷ்டிரத்து ஆறுகளுக்குத் தனிப் பெயர்கள். சில பெயர்கள் உண்மையில் தனி இனங்கள்தானா என்ற விவாதமும் இருக்கிறது.

ஒரு சுவாரசியமான கேள்வி இதில் ஒளிந்திருக்கிறது. இமயமலையின் ஓடைகளில் வாழும் மீனின் நெருங்கிய உறவு, நடுவில் இத்தனை தூரம் சமவெளி இருக்கும்போது, தென்னிந்திய மலைகளுக்கு எப்படி வந்தது? மீனியலாளர் சுந்தர் லால் ஹோரா 1940களில் இதற்கு ஒரு விடை முன்வைத்தார். விந்திய, சாத்பூரா மலைத்தொடர்கள் ஒரு காலத்தில் பாலம்போல இருந்து, ஓட்ட நீர் மீன்கள் அவ்வழியே நகர்ந்தன என்றார். சாத்பூரா கருதுகோள் என்ற பெயரில் அது புகழ்பெற்றது. பின்னாளில் வந்தவர்கள் நிறையக் கேள்விகள் எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் சமவெளிக் குளத்தைத் தாண்ட முடியாத மீன் என்ற அவருடைய அடிப்படைக் கவனிப்பு, ஒரு தடுப்பணைக்கு மேலும் கீழும் நின்று ஓடையைப் பார்த்த யாருக்கும் விளங்கும். அணையின் தேங்கிய நீர் இந்த மீனுக்குக் கிட்டத்தட்டச் சுவர்தான்.

குறித்து வைப்பது

பார்க்காமல் திரும்பினாலும் குறிப்பு எழுதுங்கள். தேதி, நேரம், ஓடையின் பெயர், ஆழம், கல் அளவு, விரல் சோதனையில் என்ன தெரிந்தது, எந்தப் பூச்சிகள் இருந்தன, நீரின் வெப்பம். சாதாரண வெப்பமானி ஒன்று இருந்தால் போதும். ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்குப் போய், முன்பு விரல் நுழைந்த கல்லில் இப்போது நுழையவில்லை என்றால், அது ஒரு முக்கியமான தகவல்.

வெடி போட்டோ, பிளீச்சிங் பவுடர் கொட்டியோ மீன் பிடித்த அறிகுறி தெரிந்தால், அதாவது பலவகை மீன்கள் ஒரே நேரத்தில் செத்து மிதந்தால், படம் எடுத்து வனத்துறைக்கோ மீன்வளத் துறைக்கோ சொல்லுங்கள். அந்தத் தண்ணீரைத் தொட வேண்டாம். பிளீச்சிங் பவுடர் ஓட்டத்தோடு கீழே போய்ச் சலசலப்புப் பகுதி முழுவதையும் கழுவிவிடும். கல்லடியில் ஒளிந்திருப்பதால் தப்பிக்கலாம் என்ற வாய்ப்பும் இந்த மீனுக்கு இல்லை, ஓடும் நீர் எல்லா இடுக்கிலும் புகும்.

தொட்டியில் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். குளிர்ந்த நீர், ஓயாத ஓட்டம், உயிருள்ள பூச்சி உணவு, மூன்றையும் வீட்டில் ஆண்டுக்கணக்கில் தருவது பெரும் பாடு. மேற்குத் தொடர்ச்சி மலை இனங்களில் பலவற்றுக்கு வாழிடமே ஓரிரு ஆறுகள்தான். ஹௌசி அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் படங்களைப் பதிவேற்றினால் அடையாளம் சொல்ல ஆட்கள் கிடைப்பார்கள். இனத்தின் பெயர் தெரியாவிட்டால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அரிய இனமாக இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், சரியான இடத்தைப் பொதுவில் காட்டாமல் மறைக்கும் வசதி அங்கே உண்டு. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பதிவேற்றுங்கள்.